சிறிய கழகத்தைப் பொறுப்பேற்கும் உனக்கு

கண்ணு, நீ ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டை ஆடத் தொடங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அதிலும் மான்செஸ்டர் சிட்டியையோ ரியல் மாட்ரிட்டையோ தொடாமல், இங்கிலாந்தின் ஆறாம் படியில் கிடக்கும் ஒரு சின்னக் கழகத்தை எடுத்து மேலே கொண்டுவரப் போகிறாயாம். மனம் நிறைந்தது. பால், ஆலிவர் என்ற காலியர் சகோதரர்கள் 1992இல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் தொடங்கிய விளையாட்டுதான் இது. அவர்கள் உருவாக்கிய நிறுவனம் 2004 முதல் ஃபுட்பால் மேனேஜர் என்ற பெயரில் அதைத் தொடர்கிறது. ஆட்டம் முழுவதும் எழுத்தாகவே திரையில் ஓடிய அந்தக் காலத்திலிருந்து இதன் முன்னால் உட்கார்ந்து வந்தவன் நான். பெரிய கழகங்களோடு வென்ற கோப்பைகள் எனக்கு மறந்துபோய்விட்டன. சின்னக் கழகங்களோடு தோற்ற ஆட்டங்கள்கூட இன்னும் நினைவில் நிற்கின்றன.

உத்தி சொல்லித்தர உனக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். நான் குணத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பணமில்லாத கழகத்தில் மேலாளரின் பொறுமையும் வாக்குத் தவறாமையும்தான் முதல். அந்தக் கழகம் உன் சொத்து அன்று, ஓர் ஊரின் சொத்து. சில காலம் உன் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால், கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் உனக்குத் தானாகவே வரும்.

1. கழகத்தின் கதையை முதலில் படி. ஆட்டக்காரர் பட்டியலை அப்புறம் பார். ஆறாம் படியான நேஷனல் லீக் வடக்கு, தெற்கு என்ற இரண்டு பிரிவுகள்தாம் இந்த விளையாட்டில் இங்கிலாந்துக்கென்று இயல்பாகக் கிடைக்கும் அடிப்படி. பிரிவுக்கு 24 கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு மைதானம் உண்டு, மழையிலும் வந்து நிற்கும் சில நூறு பேர் உண்டு. பணக்கார உரிமையாளர் எங்கே இருக்கிறார் என்று தேடாதே. இந்த ஊரோடு நீண்ட காலம் இருக்க என்னால் முடியுமா என்று கேட்டுக்கொண்டு தேர்ந்தெடு. எந்த ஆண்டு தொடங்கியது, அண்டை ஊரில் யாரோடு பகை, இதுவரை எட்டிய உயர்ந்த இடம் எது என்று தெரிந்துகொள். பழைய உச்சம் எதுவென்று தெரிந்தவனுக்குத்தான் அதைத் தாண்டுகிற நாளின் அருமை புரியும்.

2. எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அறிந்து புறப்படு. ஆறாம் படியிலிருந்து பிரீமியர் லீக் வரை ஐந்து முறை ஏற வேண்டும். கீழ்ப்படிகள் இரண்டிலும் வழி மிகக் குறுகல். முதலிடம் பிடித்த கழகம் நேராக ஏறும். இரண்டு முதல் ஏழு வரை வந்த ஆறு கழகங்கள் பிளேஆஃபில் மோதி அவற்றில் ஒன்று ஏறும். 24இல் இரண்டு, அவ்வளவுதான். நன்றாக ஆடியும் ஏற முடியாத ஆண்டு உனக்குக் கட்டாயம் வரும். அப்படிப் பிளேஆஃப் இறுதியில் பெனால்டியில் தோற்ற நண்பர் ஒருவர், ஆத்திரத்தில் பாதி அணியைக் கலைத்தார். மறு ஆண்டு பட்டியலின் அடிப்பாதியில் தவித்தார். அதே நிலையில் இருந்த இன்னொருவர் நடுவில் ஓர் ஆளும் முன்னால் ஓர் ஆளும் மட்டும் சேர்த்தார். அடுத்த ஏப்ரலில் முதலிடத்தில் இருந்தார். ஏமாற்றத்தின் சூட்டில் எடுக்கும் முடிவை ஒரு வாரம் தள்ளிப் போடு. பெரும்பாலும் அதை எடுக்கவே தேவையிருக்காது.

3. முதல் மாதம் யாரையும் வெளியே அனுப்பாதே. புதிதாக வந்தவனுக்கு எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கும் கை அரிப்பு இருக்கும். அதை அடக்கு. முதலில் சம்பளப் பட்டியலைத் திற. யாருக்கு எவ்வளவு போகிறது, எந்த ஒப்பந்தம் எந்த ஜூனில் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிவை. அணியில் யார் சொல்லுக்கு மற்றவர்கள் காது கொடுக்கிறார்கள் என்று பார். டைனமிக்ஸ் பக்கத்தில் அணியின் தலைவர்கள் யார், செல்வாக்குள்ளவர்கள் யார் என்று தெரியும். கால் ஓய்ந்துபோன முப்பத்து நான்கு வயதுத் தடுப்பாட்டக்காரரை நீ முதல் நாளே விற்க நினைப்பாய். உடைமாற்றும் அறை முழுவதும் அவர் பின்னால் நிற்கும் என்பதை அப்புறம்தான் அறிவாய். போன இடத்தில் முதலில் கேள், பிறகு பேசு.

4. உன் ஆட்களுக்கு ஏற்ற ஆட்டத்தை ஆடு. ஆறாம் படியில் பல கழகங்களின் ஆட்டக்காரர்கள் பகுதிநேரத்தவர்கள். பகலில் வேறு வேலை. வாரத்தில் சில மாலைகள் மட்டும் பயிற்சி. லீகில் மட்டுமே 46 ஆட்டங்கள். தொலைக்காட்சியில் பெரிய அணிகள் ஆடும் அழகைக் கண்டு மயங்கி, எதிராளியை மைதானம் முழுவதும் துரத்திப் பிடிக்கும் உத்தியை இவர்களிடம் நான் திணித்த ஓர் ஆண்டு உண்டு. கிறிஸ்துமஸ் வரை பட்டியலின் மேலே இருந்தோம். பிப்ரவரியில் அந்தப் பிள்ளைகளின் கால்கள் நின்றுவிட்டன. தசைப்பிடிப்பும் காயமுமாகப் பாதி அணி படுத்துவிட்டது. எளிமையான ஓர் அமைப்பைத் தேர்ந்தெடு. ஒவ்வொருவருக்கும் அவருக்கு முடிந்த ஒரு வேலையைக் கொடு. கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் யார் எங்கே நிற்பது என்று உட்கார்ந்து வகுத்துவிடு. செலவில்லாமல் கிடைக்கும் கோல்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புதிய உத்தி தேடாதே. மேலாளரின் பயம் ஆட்டக்காரரின் காலில் தெரியும்.

5. விரலுக்கேற்ற வீக்கம் இருக்கட்டும். நிர்வாகக் குழு கொடுக்கும் சம்பள வரம்பை முழுவதும் செலவழித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் மிச்சம் வை; ஜனவரியில் உன் கோல்கீப்பர் காலை உடைத்துக்கொள்ளும்போது அந்த மிச்சம்தான் காப்பாற்றும். ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ் கதையைத் தெரிந்துகொள். இரண்டு சிறு கழகங்களை இணைத்து 1992இல் உருவானது. காலணித் தொழிலதிபர் மாக்ஸ் கிரிக்ஸின் பணத்தில் வளர்ந்து 2001இல், நான்காம் படியில் தொடங்கும் ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தது. அவர் விலகினார், 2011இல் கழகமே இல்லாமல் போயிற்று. ஸ்காட்லாந்தின் கிரெட்னா இன்னும் வேகமாக ஏறியது. மூன்றே ஆண்டுகளில் மூன்று படி ஏறி 2007இல் உச்சப் பிரிவுக்கு வந்தது. சொந்த மைதானம் அந்தப் பிரிவுக்குப் போதாமல் மதர்வெல் கழகத்தின் மைதானத்தில் ஆடியது. பணம் போட்டுவந்த புரூக்ஸ் மைல்சன் நோயில் விழுந்ததும் எல்லாம் நின்றது; 2008இல் கதை முடிந்தது. ஒரே மனிதரின் பணப்பையை நம்பி எழுந்தது அந்த மனிதரோடு விழும். சில நூறு ரசிகர்களின் டிக்கெட் காசில் எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு வளர். மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் நிலைக்கும்.

6. திறமைக்கு முன் குணத்தைப் பார். விளையாட்டு ஒவ்வோர் ஆட்டக்காரரின் தன்மையையும் 1 முதல் 20 வரை எண்களில் காட்டும். புதியவர்களின் கண் வேகத்திலும் கோல் அடிக்கும் திறனிலும் போய் நிற்கும். நீ டிட்டர்மினேஷன், ஒர்க் ரேட், டீம்வொர்க் என்ற மூன்றையும் பார். எண்ணாகக் காட்டாத சில குணங்களும் உண்டு: தொழில் ஒழுங்கு, சீரான ஆட்டம், பெரிய ஆட்டங்களில் கலங்காத மனம். அவற்றை ஆளின் இயல்பைப் பற்றிய ஒற்றை வரிக் குறிப்பிலும் ஸ்கவுட்டின் அறிக்கையிலும் தேடிப் படிக்க வேண்டும். கீழ்ப்படியில் எல்லோருக்கும் திறமை குறைவுதான். அங்கே வெற்றியைத் தீர்மானிப்பது எண்பதாவது நிமிடத்திலும் யார் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதே. ஒழுங்கான மூத்தவர் ஒருவரைக் கொண்டுவந்து இளையவர்களுக்கு வழிகாட்டியாகச் சேர்த்துவை. சில மாதங்களில் அவருடைய பழக்கம் அவர்களிடம் ஒட்டிக்கொள்வதை நீயே பார்ப்பாய். கெட்டிக்காரனாக இருந்தும் சோம்பேறியான ஒருவனை நான் சேர்த்த ஆண்டில், ஒட்டிக்கொண்டது அவனுடைய பழக்கம்.

7. மற்றவர்கள் ஒதுக்கியதைப் பரிவோடு தேடு. ஒவ்வொரு கோடையிலும் பெரிய கழகங்கள் தங்கள் அகாடமிகளிலிருந்து பல இளைஞர்களை வெளியே விடும். உன் அணி அவர்களிலிருந்துதான் வரும். ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வென்ஸ்டே சிறு வயதிலேயே விட்டுவிட்டது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற எளிய கழகத்தில் ஆடிக்கொண்டே தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். லீக் அல்லாத கழகமொன்றிலிருந்து 10 லட்சம் பவுண்டுக்கு 2012இல் லெஸ்டர் அவரை வாங்கியபோது பலர் வியந்தார்கள். 2016இல் அவர் கையில் பிரீமியர் லீக் கோப்பை இருந்தது. ஒருவனை ஒரு கழகம் வேண்டாம் என்றால், அந்த இடத்துக்கு அவன் பொருந்தவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள். சோதனைக்கு அழை, ஓரிரு நட்பு ஆட்டங்களில் ஆடவிடு, உன் கண்ணால் பார். வாங்கியவனை விற்கும் நாள் வந்தால், மறுவிற்பனையில் பங்கு கேட்டு ஒப்பந்தத்தில் எழுது. சின்னக் கழகத்துக்கு அந்த ஒரு வரி பின்னாளில் ஒரு பயிற்சி மைதானமாகத் திரும்பி வரும்.

8. லோன் ஆட்டக்காரர்களை மரியாதையோடு நடத்து, ஆனால் அவர்கள்மேல் அணியைக் கட்டாதே. மேல்படிக் கழகங்கள் தங்கள் பிள்ளைகளை அனுபவத்துக்காக உன்னிடம் அனுப்பும். பல சமயம் சம்பளத்தையும் அந்தக் கழகங்களே தரும். ஏதாவது இரண்டு இடங்களை அப்படி நிரப்பிக்கொள்வதில் தவறில்லை. அணி முழுவதும் அவர்களாக இருந்தால், மே மாதம் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு உனக்குப் பூட்டிய மைதானம்தான் மிஞ்சும். வந்த பிள்ளைக்கு ஆட இடம் கொடுத்து நல்லபடியாகத் திருப்பி அனுப்பு. அடுத்த ஆண்டு அதே கழகம் இன்னும் நல்ல ஆளை உன்னிடம் தரும்.

9. அதிசயச் சிறுவர்களிடம் மயங்காதே. 2001-02 சாம்பியன்ஷிப் மேனேஜர் ஆடியவர்கள் இன்றும் இரண்டு பெயர்களை அன்போடு சொல்வார்கள்: மில்வாலின் செர்னோ சாம்பா, டெர்பியின் டான்டான் ஜோலா மௌகோகோ. விளையாட்டில் அவர்கள் உலகையே வென்றார்கள். நிஜ வாழ்க்கை அவர்களுக்கு அந்த உயரத்தைத் தரவில்லை. சாம்பா காம்பியாவுக்காக ஆடினார், மௌகோகோவால் பிரீமியர் லீகில் கால் வைக்கவே முடியவில்லை. காயமும் துயரமும் இடமாற்றமும் ஒரு சிறுவனின் வழியை எப்படியும் திருப்பிவிடும். திரையில் தெரியும் நட்சத்திரங்கள் உன் அணியோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பீடு மட்டுமே. அணி வளர்ந்தால் நட்சத்திரம் குறையும். ஒருவன் எவ்வளவு தூரம் வளரலாம் என்று காட்டும் மதிப்பீடும் ஒரு வாய்ப்பு மட்டுமே. அங்கே போய்ச் சேருவதற்கு ஆட வேண்டிய ஆட்டங்களும், நல்ல பயிற்சியும், அவனுடைய ஒழுங்கும் வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு சீசனின் சுமையை ஏற்றாதே.

10. உன் காலத்துக்குப் பிறகும் பலன் தருவதில் பணம் போடு. முதல் நல்ல லாபம் வந்ததும் புதிய ஸ்ட்ரைக்கர் வாங்கத் தோன்றும். அதற்கு முன் நிர்வாகக் குழுவிடம் போய் இளைஞர் பயிற்சியையும் பயிற்சி வசதிகளையும் மேம்படுத்தக் கேள். முதலில் மறுப்பார்கள், அடுத்த ஆண்டு மறுபடி கேள். இங்கிலாந்தில் மார்ச் மாதவாக்கில் புதிய இளைஞர் குழு வரும். இளைஞர் வளர்ச்சித் தலைவராக நீ வைத்திருப்பவரின் குணம் அந்தப் பிள்ளைகளிடம் படியும் என்பதால், அந்த ஒரு பதவிக்கு ஆள் தேடும்போது மிகவும் நிதானமாக இரு. இது பனங்கொட்டை ஊன்றுவது போன்ற வேலை. ஊன்றியவனே நுங்கு தின்பான் என்பதற்கு உறுதியில்லை. முதல் சில ஆண்டுகள் ஒருவனும் தேறமாட்டான். பிறகு ஒரு மார்ச்சில், அந்த ஊரிலேயே பிறந்த ஒரு பையன் வருவான். அவன் முதல் அணியில் அடிக்கும் முதல் கோலின் மகிழ்ச்சியை எந்த விலைக்கும் நீ வாங்க முடியாது.

11. கொடுத்த வாக்கைக் காப்பாற்று. இந்த விளையாட்டில் உன் பேச்சுக்கு நினைவு உண்டு. இந்த ஆண்டு அடிக்கடி ஆட வைக்கிறேன் என்றோ, பெரிய கழகம் கேட்டால் விடுகிறேன் என்றோ சொல்லிவிட்டு மறந்தால், அந்த ஒருவன் மட்டும் அல்ல, அவன் நண்பர்களும் முகம் திருப்புவார்கள். முடியாததை முதலிலேயே முடியாது என்று சொல். அன்றைக்குக் கசக்கும், ஆனால் அதோடு தீரும். உன்னோடு கீழிருந்து வந்தவர்களை மறக்காதே. லூட்டன் ஐந்தாம் படியில் இருந்தபோது 2013இல் சேர்ந்தவர் பெல்லி ரடாக் இம்பான்ஸு. அதே கழகத்தோடு படிப்படியாக ஏறி 2023இல் பிரீமியர் லீகில் ஆடினார். ஒரே கழகத்தோடு ஐந்தாம் படியிலிருந்து பிரீமியர் லீக் வரை போன முதல் ஆட்டக்காரர் அவர். ஒவ்வொரு படி ஏறும்போதும் பழையவர்களை மாற்றிவிட வேண்டும் என்று எண்கள் சொல்லும். எண்கள் சொல்வதைக் கேள். ஆனால் ஓரிருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போ. புதிதாக வருகிறவர்களுக்குக் கழகம் என்றால் என்ன என்று அவர்கள்தான் சொல்லித் தருவார்கள்.

12. தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஆடாதே. எல்லோருக்கும் வரும் சபலம் இது. தொண்ணூறாவது நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றதும், விளையாட்டைச் சேவ் செய்யாமல் மூடிவிட்டு, ஆட்டத்துக்கு முந்தைய நாளிலிருந்து மறுபடி தொடங்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் உனக்குத் தெரியும். அப்படி வென்ற கோப்பையை நீ யாரிடமும் மனமாரச் சொல்லமாட்டாய். தோல்வியை ஏற்றுக்கொண்டவன் ஏன் தோற்றோம் என்று பார்ப்பான்: இடது பக்கம் திறந்து கிடந்தது, நடு ஆட்டக்காரர் களைத்திருந்தார், மாற்றாளை நேரத்தில் இறக்கவில்லை. திருப்பி ஆடுகிறவன் இவற்றில் ஒன்றையும் கற்கமாட்டான். தோல்வி வந்த இரவில் அந்த ஆட்டத்தின் அறிக்கையை ஒரு முறை படித்துவிட்டு மூடு. மறு நாள் அதிலிருந்து ஒன்றே ஒன்றைத் திருத்து.

13. கோப்பை ஆட்டத்தில் தலை நிமிர்ந்து நில். ஆறாம் படிக் கழகங்கள் எஃப்ஏ கோப்பையின் தகுதிச் சுற்றுகளில் செப்டம்பரிலேயே நுழையும். பிரீமியர் லீக் கழகங்கள் ஜனவரியில் மூன்றாம் சுற்றில்தான் வரும். அந்த ஒரு பெரிய ஆட்டம் வாய்த்தால் கழகத்தின் ஓர் ஆண்டுக் கணக்கே மாறும். 2006 ஜனவரியில், ஐந்தாம் படியில் இருந்த பர்ட்டன் அல்பியன் தன் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெடோடு கோலின்றிச் சமன் செய்தது. மறு ஆட்டத்தில் ஓல்ட் டிராஃபர்டில் 5-0 என்று தோற்றாலும், அங்கே நிறைந்த கூட்டத்தின் டிக்கெட் பணத்தில் அந்தச் சின்ன ஊருக்கும் பங்கு வந்தது. லிங்கன் சிட்டி 2017இல் பர்ன்லியை அதன் மைதானத்திலேயே 1-0 என வென்று காலிறுதிக்குப் போனது; லீக் அல்லாத கழகமொன்று அங்கே போனது 1914க்குப் பிறகு அதுவே முதல் முறை. அவர்கள் மயங்கி நிற்கவில்லை. அதே சீசனில் தங்கள் லீகையும் வென்றார்கள். இதிலிருந்து மூன்று பாடம் எடுத்துக்கொள். பெரியவர் முன் நடுங்காதே. பெரிய நாள் முடிந்ததும் செவ்வாய்க்கிழமை லீக் ஆட்டத்துக்குத் தயாராகு. வந்த பணத்தைச் சம்பளத்தில் கரைக்காமல் கட்டடத்தில் போடு.

14. ஏற்றத்தில் நிதானமாக இரு. இறக்கத்தில் கூடவே இரு. மேலே ஏறிய முதல் ஆண்டு பதினேழாம் இடம் வந்தால் அது தோல்வி ஆகாது. ஊருக்கு அதையே வெற்றி என்று சொல்லிக் கொடு. பத்துப் பேரைப் புதிதாக வாங்கிக் கொண்டாட்டத்தைத் தொடர நினைத்தவர்களில் பலர் அடுத்த ஆண்டே கீழே வந்தார்கள். கீழே வருவதும் முடிவல்ல. போர்ன்மத் 2008-09 சீசனை நான்காம் படியான லீக் டூவில் 17 புள்ளிகள் கழிக்கப்பட்ட நிலையில் தொடங்கியது. முப்பத்தொரு வயது எடி ஹௌவிடம் நடுவழியில் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் கழகத்தை லீகில் தக்கவைத்தார், 2015இல் பிரீமியர் லீகுக்கே அழைத்துச் சென்றார். அதே 2008-09இல் லூட்டனுக்கு 30 புள்ளிகள் கழிந்தன. லீகை விட்டே வெளியேறி, ஐந்து சீசன்கள் வெளியே கிடந்து, 2014இல்தான் திரும்பியது. கீழே இறங்கிய கழகத்தை விட்டு ஓடுவது எளிது. விழுந்த இடத்தில் கூட நிற்கும் மேலாளருக்கு அந்த ஊர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடிருக்கும்.

15. திரையை அணைக்கப் பழகு. இந்த விளையாட்டுக்கு முடிவு கிடையாது. ஓர் ஆட்டம் முடிந்தால் அடுத்ததற்கு இன்பாக்ஸில் கடிதம் வந்து நிற்கும். இன்னும் ஒன்று மட்டும் என்று சொல்லிச் சொல்லி விடிந்துபோன இரவுகளை என் தலைமுறை நிறையப் பார்த்திருக்கிறது. படிப்பையும் உடம்பையும் அதில் தொலைத்தவர்களையும் அறிவேன். நேரம் வகுத்துக்கொள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழு. கழகம் எங்கும் போய்விடாது. களைத்த கண்ணோடு போடும் ஒப்பந்தத்தில்தான் தவறு நுழையும். உன்னை நீயே நன்றாக நடத்தத் தெரியாமல் இருபத்தைந்து பேரை எப்படி நடத்துவாய்? உன் ஊர் மைதானத்தில் மாலையில் பையன்கள் பந்து ஆடினால் போய் நின்று பார், முடிந்தால் ஆடு. பந்தின் பின்னால் ஓடி மூச்சு வாங்கியவனுக்குத்தான் களைப்பு என்ற எண்ணின் பொருள் தெரியும்.

16. போகும் நாளிலும் கழகத்தை நினை. நீ நன்றாகச் செய்தால் பெரிய கழகங்கள் உன்னை அழைக்கும். போகாதே என்று நான் சொல்லமாட்டேன். நைஜல் கிளஃப் 1998இல் பர்ட்டனுக்கு வந்தார். பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஒரு சாதாரணக் கழகத்தைக் கட்டினார். 2009 ஜனவரியில் டெர்பிக்குப் போனபோது பர்ட்டன் பட்டியலின் உச்சியில் இருந்தது. அவர் போன பிறகு முன்னிலை தேய்ந்துகொண்டே வந்தது. ஆனாலும் கட்டிய அணி தாங்கியது, இரண்டே புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் பிடித்து வரலாற்றில் முதல் முறையாக ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தது. 2015 டிசம்பரில் அவரே திரும்பி வந்தார்; அடுத்த மே மாதம் பர்ட்டன் இரண்டாம் படிக்கு ஏறியது. நல்லபடியாகக் கட்டிவிட்டுப் போனவருக்குத் திரும்பி வரும் வழி திறந்தே இருக்கும். நீ போகும் நாளில் உனக்குப் பின் வருகிறவர் சம்பளம் கொடுக்க முடிய வேண்டும். வளரும் பிள்ளைகள் நாலு பேர் இருக்க வேண்டும். கடனென்று எதுவும் அவர் தலையில் விழக்கூடாது. நீ இல்லாமலும் கழகம் நிற்கிறது என்றால், நீ ஜெயித்துவிட்டாய்.

இவற்றையெல்லாம் ஒரே சீசனில் கடைப்பிடிக்க முடியாது கண்ணு. எனக்கும் பல சீசன்கள் ஆயின. முதல் ஆண்டுக்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்: செலவைக் கட்டுக்குள் வை, தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஆடாதே. மற்றவை ஒவ்வொன்றாக வரும். இன்று கழகத்தைத் தேர்ந்தெடுத்ததும் எந்த ஊர் என்று எனக்குச் சொல். சீசன் முடிந்ததும் எழுது. எத்தனையாவது இடம் வந்தாய் என்பதைக் கடைசி வரியில் எழுதினால் போதும். முதல் வரியில் யாரை வளர்த்தாய் என்று எழுது.